சேம அச்சு: தனிவழிப் பயணத்துக்கு ஓர் ஆயத்தம்

அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த ஔவையார், அவனை வேங்கைக்கோ வேழத்துக்கோ ஒப்பிடவில்லை. உப்பு வண்டியின் மாற்று அச்சுக்கு ஒப்பிட்டார். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் இச்செய்தி உள்ளது. எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியோ பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுவது. எங்கே என்ன நேருமென்று யார் கண்டது? இவ்வாறு எண்ணிப் பார்த்த உமணர், அதாவது உப்பு வணிகர், வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர்.

ஆறுமுகநேரிக்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியாகத் தோன்றாது. உப்பளத்திலிருந்து பாரம் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டிப் புறப்படும் லாரியிலும் ஒரு மாற்றுச் சக்கரம் கூடவே செல்கிறது. நாம் ஸ்டெப்னி என்று அழைக்கும் அதுவும் சேம அச்சும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. அந்த எண்ணத்தைக் கைவிளக்காகக் கொண்டு, நம் ஊரிலிருந்து தனி ஒருவராய் மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்ல விரும்பும் மாணவர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக, ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடி, இராமநாதபுரம், தொண்டி, அதிராம்பட்டினம், நாகப்பட்டினம், சிதம்பரம், புதுச்சேரி வழியாகச் சென்னை சேரும் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 650 கிலோமீட்டர். இடையே ஓர் இரவு தங்கல். விடுமுறையில் இப்படி ஒரு முறை போய்வர வேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. வீட்டில் அனுமதி கிடைப்பதில்லை என்பது வேறு செய்தி. அதற்கும் பின்னால் வருவோம்.

உடன் வராத இரண்டாமவர்

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணரின் வண்டி வரிசையை வருணிக்கிறார். வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. ஊறுகாய்க் கலம் தொங்குகிறது. உரலும் உடன் செல்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்ட, ஆடவர் பக்கத்தில் காவலாக நடக்கின்றனர். ஒரு குடும்பமே பெயர்ந்து செல்கிறது எனலாம். அச்சு முறிந்தால் மாற்று அச்சு உண்டு. அதைவிட முதன்மையாக, வண்டியைத் தூக்கிப் பிடிக்கப் பத்துக் கைகள் உண்டு.

தனியே செல்பவருக்கு இல்லாதவை அந்தக் கைகள்தாம். ஆகவே அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, 'எதையெல்லாம் எடுத்துச் செல்வது?' என்பதன்று. 'கூட ஒருவர் வந்திருந்தால் அவர் என்னென்ன வேலை செய்திருப்பார்?' என்பதே. எண்ணிப் பாருங்கள். நாம் டீக்கடைக்குள் போகும்போது அவர் மூட்டையைப் பார்த்துக்கொள்வார். நமக்குக் கண் செருகினால் முதுகில் தட்டுவார். டயரைக் கழற்றும்போது வண்டியைச் சாய்த்துப் பிடிப்பார். நாம் கீழே விழுந்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுவார், ஊருக்கும் சொல்லுவார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பொழுது சாயும் நேரத்தில், "போதும்டே, இன்னைக்கு இங்கனயே தங்கிருவோம்" என்பார். இந்த ஒரு சொல்லுக்காகவே துணை வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த இரண்டாமவரின் வேலைகளுக்கு ஒவ்வொன்றாக மாற்று ஏற்பாடு செய்துகொண்டவரே தனிவழி செல்லத் தகுதி உடையவர். மற்றவர் எத்தனை பை கட்டினாலும் சேம அச்சைக் கட்டாதவரே ஆவார்.

பொருள்கள் மிகுதியாக இருந்தால் பாதுகாப்பு மிகுதி என்று நினைப்பது இயல்பு. உலக அனுபவம் அப்படிக் கூறவில்லை. 1884-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, 1886 டிசம்பரில் யோகோகாமாவில் முடித்து, சைக்கிளில் முதன்முதல் உலகைச் சுற்றியவர் என்று பெயர்பெற்ற தாமஸ் ஸ்டீவன்ஸ் ஏறியது முன்சக்கரம் மிகப் பெரிதாய் இருக்கும் பழைய வகைச் சைக்கிள். அவர் கொண்டு சென்றவை காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. மழைக்கோட்டே இரவில் கூடாரமும் படுக்கையும் ஆயிற்று. 1931-இல் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் உலகப் பயணம் புறப்பட்ட வங்காளி ராம்நாத் பிஸ்வாஸிடம் இருந்தவை ஒரு சோடிச் செருப்பு, இரண்டு போர்வை, பழுதுபார்க்கும் கருவிப்பெட்டி ஆகியவையே. இவர்கள் இருவரும் குறைத்தது துணிமணியை, கருவிப்பெட்டியை அன்று. துப்பாக்கியை நாம் விட்டுவிடலாம்.

வண்டியும் கையும்

துணிமணி பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு, கால்சட்டை ஒன்று கூடுதலாக, துண்டு, கைலி, மழைக்கோட்டு, கையுறை. காலுக்குச் செருப்பு கூடாது, ஷூ வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசம், வாரைக் கழுத்தோடு பூட்டிய தலைக்கவசம். பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு போகிற தலைக்கவசம் டாங்கைத்தான் காக்கும்.

வண்டியைப் பற்றி ஊன்றிக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றுப் படும் நம் ஊர்களில் நிற்கும் வண்டிகளுக்கு ஒரு தனி நோய் உண்டு. வெளியே பளபளப்பாக இருக்கும். செயின், கேபிள், போல்ட்டு, மின்கம்பி முனைகள் ஆகியவற்றில் உள்ளுக்குள் துரு ஏறியிருக்கும். உள்ளூரில் ஓடும்வரை அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆகவே புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டி, செயின், பிரேக் கட்டை, இரண்டு கேபிள்கள், பாட்டரி முனை, டயரின் தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்துவிடல் வேண்டும். ஏன் பத்து நாள்? புதிதாக மாட்டிய உறுப்பு நம் ஊருக்குள்ளேயே ஓடித் தன் குறையைக் காட்டட்டும் என்பதற்காக. முதல் நாள் மாலை சர்வீஸ் செய்து மறுநாள் விடியலில் புறப்படுவது, பழகாத காளையைப் பாரவண்டியில் பூட்டுவது போன்றது.

சேம உறுப்புகளாக எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே: கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பானரும், செயின் லாக், ஃபியூஸ், முகப்பு பல்பு, சிறிது கம்பி, இன்சுலேஷன் டேப், ஒரு டார்ச். அனுபவமுள்ள ஓட்டிகள் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கின்றனர். புதுக் கிளட்ச் கேபிளைப் பைக்குள் வைக்காமல், பழைய கேபிளின் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவிடுகின்றனர். பழையது அறுந்தால் இரு முனைகளை மாட்டினால் முடிந்தது. உமணர் சேம அச்சை வண்டியின் அடிமரத்திலேயே கட்டினர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

டயர் பஞ்சர் ஆவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தூத்துக்குடி தாண்டி வேம்பார், சாயல்குடி, இராமநாதபுரம் வரை சாலையின் இருபுறமும் சீமைக்கருவேல். விறகு ஏற்றிய வண்டியிலிருந்து உதிர்ந்த ஒரு கிளை போதும். அதன் முள் டயருக்குள் இறங்கி முறிந்து நின்றுகொண்டு, ட்யூபை மாற்றினாலும் மறுபடி குத்தும். ஆகவே ட்யூபை எடுத்தவுடன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்த்து முள்ளை நீக்கிய பிறகே புது ட்யூபைப் போட வேண்டும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். ட்யூப் இல்லாத டயராயின் வேலை எளிது: துளையில் திணிக்கும் ரப்பர்த் திரியும், அதற்குரிய ஊசிகளும், கைப்பம்பு ஒன்றும் இருந்தால் கால்மணி நேரத்தில் முடித்துவிடலாம். கம்பிச் சக்கரமும் ட்யூபும் உள்ள வண்டியாயின் ஒரு புது ட்யூப், டயர் லீவர் இரண்டு, சக்கரம் கழற்றும் ஸ்பானர் ஆகியவை வேண்டும்.

இவற்றைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வாங்கினவுடன் ஆயத்தம் முடிந்ததாகக் கருதுவோர் உளர். தம் வீட்டு முற்றத்தில் ஒருமுறையாவது யாருடைய உதவியும் இன்றிப் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டாதவருக்கு அந்த ட்யூப் வெறும் சுமையே. அப்படிச் செய்யும்போதுதான் தெரியும், நடுத்தாங்கி இல்லாத வண்டியைத் தனியே நிறுத்திச் சக்கரம் கழற்ற இயலாது என்பது. அந்நிலையில் ட்யூபுக்குப் பதிலாக, வழியில் எந்தெந்த ஊரில் பஞ்சர் கடை இருக்கிறது என்ற விவரத்தை எழுதி எடுத்துச் செல்வதே அறிவுடைமை.

இயந்திரம் பழுதுபடும்போது கையிலிருப்பதைக் கொண்டு சமாளித்தவர்களுள் முதல்வர் ஒரு பெண்மணி. 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவர் அறியாமல், தம் இரு புதல்வர்களுடன், அவர் செய்த மோட்டார் வண்டியை ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, 100 கிலோமீட்டருக்கும் சற்று மேலாக ஓட்டிச் சென்றார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் கறைநீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். மெக்கானிக் கடை என்ற ஒன்றே உலகில் இல்லாத காலம் அது. அவருக்கு உதவியது ஊசியன்று. வண்டியின் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவர் அறிந்திருந்ததே. போய்ச் சேர்ந்ததும் கணவருக்கு அவர் முதல் வேலையாகத் தந்தி கொடுத்தார் என்பதையும் குறித்துக்கொள்க.

மூட்டை கட்டும் முறைக்கு வருவோம். கனமானவை கீழேயும் நடுவிலும், இலேசானவை மேலேயும் பின்னேயும் இருத்தல் வேண்டும். எல்லாப் பாரத்தையும் வாலில் கட்டினால் முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி ஆடத் தொடங்கும். ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கத்து மேல்காற்று வீசும்போது உயரமாகக் கட்டிய மூட்டை பாய் விரித்த படகு போலாகிவிடும். கயிற்றின் தொங்கும் முனையை ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது. செயினில் சிக்கினால் பின்சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பை எத்தனை என்றால், இறங்கிப் போகும்போது ஒரே தடவையில் தூக்கிக்கொள்ளக் கூடிய அளவு மட்டுமே. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை அல்லவா? பணத்தை மூன்று இடங்களில் பிரித்து வைக்க வேண்டும். அவற்றுள் ஒன்று ஊர் திரும்பும் செலவுக்கானது. அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கரில் காட்டினால் ஏற்றுக்கொள்கின்றனர். எனினும் செல்போன் அணைந்துவிட்டால் எல்லாம் அணைந்துவிடும். நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு உடன் வைத்திருப்பது நல்லது.

பருவமும் வழியும்

எப்போது புறப்படக் கூடாது என்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் எவரும் மறக்க மாட்டார்கள். நம் அடுத்த ஊராகிய காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது, சாலைகள் துண்டுபட்டன. ரயிலே நின்றுவிட்ட இடத்தில் மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்! இக்கடற்கரைச் சாலை முழுவதும் வடகிழக்குப் பருவமழையின் பாதையில்தான் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் புறப்பட நேர்ந்தால் வானிலை அறிவிப்பைக் கேட்டபின் புறப்படுவதே முறை. சித்திரை, வைகாசியும் வேண்டாம். தை, மாசி, பங்குனித் தொடக்கம் நல்ல காலம். ஆனால் தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்கு நடந்து வரும் அடியார் கூட்டம் இரவெல்லாம் சாலையில் இருக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்நாட்களில் அங்கே அறை கிடைப்பது அரிது, வழியெங்கும் காவியுடுத்து நடப்போர் பலர். வண்டியோட்டிக்கு இவர்களைக் கண்ணில் கொள்ளும் பொறுப்பு உண்டு.

வழியை அறிந்துகொள்ள நம் முன்னோர் வகுத்த முறை ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பியவன், போகிறவனுக்கு வழி சொல்லுவான். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் நன்னனைப் புகழும் நூல் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அதில் கூத்தருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளைப் பாருங்கள்: பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை, யாரிடம் என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது, எங்கே என்ன உணவு கிடைக்கும் என்று ஒன்று விடாமல் சொல்லப்படுகின்றன. செல்போன் காட்டும் வரைபடம் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும். எந்த வளைவில் மணல் பரவிக் கிடக்கும், எந்த ஊரில் மாலையானால் மாடுகள் சாலையில் படுக்கும் என்று சொல்லாது. அதைச் சொல்லக் கூடியவர் உப்பு லாரி ஓட்டுநர். ஆறுமுகநேரி மாணவருக்கு அப்படிப்பட்டவர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். "அண்ணாச்சி, இந்த வழியா வண்டியில போகணும், எங்கெங்க பார்த்துப் போகணும்?" என்று கேட்டு, சொல்வதை ஊர்ப்பெயரோடு எழுதிக்கொண்டால் அரைநாள் வேலை, பயன் பெரிது.

சோறும் நீரும் உறக்கமும்

'கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?' என்பது பழமொழி. ஒரு நாளைக்கு என்பதே விடை. முதல்நாள் காலைக்கும் நண்பகலுக்கும் வீட்டுச் சோறு போதும்; பிறகு வழியில் நல்ல கடைகள் உண்டு. புளிச்சோறு கெடாமல் நிற்பதற்குக் காரணம் புளியின் புளிப்பும், நல்லெண்ணெயும், ஈரம் குறைவாக இருப்பதும் ஆகும். சுடச்சுடக் கட்டி மூடினால் ஆவி நீராகி இறங்கி அந்தக் காப்பு போய்விடும். ஆறவைத்துக் கட்ட வேண்டும். இட்லியாயின் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் பொதிவது நம் வீடுகளில் வழக்கம். சட்னியைக் கட்டுவது வம்பு. உடன்குடிக் கருப்பட்டித் துண்டு, பொரிகடலை, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இவை சட்டைப்பைக்கு. நண்பகலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுவதைவிட ஒருவேளை பட்டினி கிடப்பது மேல். அதன் காரணம் பின்னே வருகிறது.

உணவைப் பொறுத்தமட்டில் தனிவழி செல்வோர் அஞ்ச வேண்டியதில்லை. இச்சாலைக்கு அருகிலேதான் வேதாரணியம் இருக்கிறது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து உப்பெடுக்க நடந்து வந்த தொண்டர்களுக்கு உணவோ இடமோ தரக்கூடாது என்று தஞ்சை கலெக்டர் தார்ன் ஆணையிட்டார். மக்களோ உணவுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்தனர். அந்த மண்ணில் பசித்தவனுக்குச் சோறு கிடைக்காமற் போகாது.

தண்ணீர் அப்படியன்று. தூத்துக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே நிழல் தரும் மரம் குறைவு. ஓடும் வண்டியில் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடல் நீர் இழப்பது தெரிவதில்லை. தலைவலியும் எரிச்சலும் தோன்றும்போது இழப்பு மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டு லிட்டர் நீரை இரண்டு பாட்டில்களில் இரண்டு இடங்களில் வைத்து, தாகம் எடுக்காவிட்டாலும் நிறுத்தும்போதெல்லாம் குடிக்க வேண்டும். அதோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கு. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தட்டையாக அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். சர்க்கரை இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் விரைந்து உறிஞ்சும். வெறும் உப்பு நீர் பயன்படாது. 1971-இல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இவ்வகைக் கரைசலைக் கொண்டே பல உயிர்களைக் காத்தார். உப்பு விளையும் ஊரில் பிறந்தும் ஒரு சிட்டிகை உப்பின் இந்தப் பெருமையை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி உறக்கம். என் கருத்தில் தனிவழிப் பயணத்தின் மெய்யான பகை திருடனும் அல்லன், பஞ்சரும் அன்று, தூக்கமே. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்த ஓர் உண்மை உண்டு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுவோருக்கு அனுமதிக்கும் அளவோ 0.03 விழுக்காடுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவர் இரவு ஒன்பதுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால், ஒரு சொட்டும் குடிக்காமலேயே குடித்தவர் நிலையில் இருக்கிறார். மேலும் நம் உடலின் கடிகாரம் நள்ளிரவு 2 முதல் காலை 6 வரையிலும், பிற்பகல் 2 முதல் 4 வரையிலும் தானாகத் தளர்கிறது. கனத்த மதியச் சோறு அதற்குத் துணை சேர்கிறது. பாட்டுக் கேட்பதும் முகத்தில் தண்ணீர் அடிப்பதும் சில நிமிடங்களுக்கே பயன் தரும். ஒரு காப்பி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்துக்கொள்வதே வழி. காப்பி வேலை செய்யத் தொடங்கும்போது எழுந்துவிடலாம். அதற்கு ஒரு கோரைப்பாய் வேண்டும். மடித்தால் முழ நீளம், கனமும் இல்லை. மூட்டையில் எதைக் குறைத்தாலும் பாயைக் குறைக்க வேண்டாம்.

இருட்டிய பின் ஓட்டுவதில்லை என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். 'போதும்' என்று சொல்ல ஆள் இல்லாததால் அதைக் கடிகாரத்திடம் ஒப்படைக்கிறோம். முதல்நாள் தங்கலுக்கு ஓர் ஊர் போதாது, இரண்டு வேண்டும். வேளாங்கண்ணியை எட்டலாம் என்று திட்டமிட்டால், எட்ட முடியாதபோது திருத்துறைப்பூண்டியில் தங்குவது என்று முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். பாதியில் திரும்புவதும் அப்படித்தான். உடம்பு சரியில்லையென்றால் வண்டியை ரயில் பார்சலில் போட்டுவிட்டு ஊர் வந்து சேரலாம்; பெட்ரோலை வடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. தனியே போனதில் ஒரு வசதி, திரும்பி வந்தால் கேலி செய்யக் கூட எவரும் இல்லை.

வீட்டுச் சுவரில் ஒரு தாள்

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தனர். அவ்வாண்டு விபத்து எண்ணிக்கையில் நம் மாநிலமே முதலிடம்: 64,105. நாடெங்கும் இறந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். வீட்டில் அனுமதி மறுக்கும் தாய்தந்தையர் இக்கணக்கைப் படித்ததில்லை. தெருவில் நடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அச்சத்தைப் பத்தாம்பசலி என்று தள்ளுவது படித்தவர்க்கு அழகன்று. அதற்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும்.

அப்பதிலில் முதலாவது, சட்டைப்பையில் ஓர் அட்டை. பெயர், இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டார் இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். செல்போனில் எழுதி வைத்திருக்கிறேன் என்பார் சிலர். பூட்டிய செல்போன் நம்மைப் போலவே பேசாமல் கிடக்கும். திறக்காமலே தெரியும்படி அவசரத் தகவலைப் பதிந்து வைத்தாலன்றி அது பயன்படாது. தூக்கிவிட வருபவர் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது, அவர் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்கிறது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தர வழிசெய்தது. இவற்றை விழுந்தவர் அறிந்து பயனில்லை. வீட்டில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டாவது, சுவரில் ஒட்டும் தாள். 'காலை 7 தூத்துக்குடி, 10 இராமநாதபுரம், நண்பகல் 12 தொண்டி, அங்கே 2 மணி வரை ஓய்வு, மாலை 6.30 வேளாங்கண்ணி அல்லது திருத்துறைப்பூண்டி' என்று ஊரும் நேரமும் எழுத வேண்டும். வண்டி எண், சட்டையின் நிறம்கூட எழுதலாம். ஒவ்வோர் ஊரிலும் வண்டியை நிறுத்தி ஒரு வரிச் செய்தி அனுப்ப வேண்டும். பெர்த்தா அம்மையார் கொடுத்தது தந்தி. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது, கடமை நிற்கவில்லை. இத்தாளில் பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி ஒன்றுண்டு. செய்தி வராவிட்டால் வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதே அது. 'குறித்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் பொறுங்கள், பின்பு கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் மேலும் ஒரு மணி நேரத்தில் 112-க்குச் சொல்லி, கடைசியாகச் செய்தி வந்த ஊரையும் அடுத்த ஊரையும் கூறுங்கள்.' இப்படி எழுதிவிட்டால் தேட வேண்டிய தூரம் 650 கிலோமீட்டர் அன்று, அவ்விரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தூரமே. செல்போனில் சார்ஜ் இல்லை என்பதற்காக அம்மா நடுங்க வேண்டியதும் இல்லை. அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் டீக்கடைக்காரர் போனிலாவது பேசிவிடலாம்.

மாணவியர் இதைப் படித்துவிட்டு, 'எங்களுக்கு இது பொருந்துமா?' என்று கேட்கக் கூடும். தாளும் அட்டையும் பொருந்தும். வண்டி பற்றியது எல்லாம் பொருந்தும். கூடுதலாக, தங்கும் இடத்தை முன்பே பேசி உறுதிசெய்வதும், 181 என்னும் எண்ணை நினைவில் வைப்பதும், துப்பட்டாவை முடிந்து கட்டுவதும் வேண்டும். அவர்களுக்கு இவ்வளவு முன்னெச்சரிக்கை வேண்டியிருப்பது சாலையின் குறையே அன்றி அவர்கள் குறை அன்று. முதலில் திருநெல்வேலிக்கு ஒருமுறை, பிறகு மதுரைக்கு ஒருமுறை என்று போய்வந்து பழகுவது ஆண், பெண் இருபாலார்க்கும் நல்லது. அப்படி இருமுறை சொன்ன நேரத்தில் சொன்ன ஊரிலிருந்து செய்தி வந்துவிட்டால், மூன்றாம் முறை கேட்கும்போது வீட்டில் பேச்சே மாறிவிடும்.

புறப்படும் நாளில் வெளிச்சம் வரும் நேரத்தில் கிளம்புவது போதும். ஆத்தூரில் தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கும்போது நன்றாக விடிந்திருக்கும். தூத்துக்குடி வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் எவ்வளவு இறுக்கிக் கட்டிய மூட்டையும் ஒருபிடி தளர்ந்திருக்கும். ஊருக்குள் நுழையுமுன் ஓரமாக நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டி, டயர் இரண்டையும் கையால் அழுத்திப் பார்த்து, முதல் செய்தியை அனுப்பிவிட்டு வண்டியை எடுக்கவும்.